இடப்பக்கத்து வெயில்

பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் என்றால் பத்து ஒன்றும் பத்துக்கு மேல்தான், சாயங்காலம் நாலேமுக்காலும் பத்துக்கு மேல்தான் என்பது அந்த நேரத்தில் ஹெப்சிபாவுக்கு உறைக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். இப்போது உறைக்கிறது. மணி பத்து ஏழு. காரின் இடப்பக்க இருக்கையில், மடியில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வலது காலைத் தன் பக்கத்து பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிரைவிங் ஸ்கூல் கார், அதனால் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஸ்டியரிங் மட்டும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். வண்டி எங்கே போகவேண்டும் என்பது அடுத்தவர் கையில், எங்கே போய் முட்டப்போகிறதோ என்கிற பயம் மட்டும் இவள் காலில். பயப்படுவதற்குத்தான் ஸ்கூல் முதலாளி ஞானையா சார் எனக்குச் சம்பளம் தருகிறார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வாள், புருஷன் ஜெபமணியும் சிரிப்பார். இன்றைக்கு அந்தப் பயம் காலோடு நிற்கவில்லை. தொடை வழியாக ஏறி, இடது கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே, கன்னத்து எலும்புக்கு மேலே, தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. அதற்கு அடியில் ஒரே ஒரு தையல். ஒன்பது நாளைக்கு முன்னால் அந்த இடத்திலிருந்து மிளகு அளவுக்குச் சதையை எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு, பெயரெழுதி மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆள் போவதற்கு முன்னால் அவள் முகத்திலிருந்து ஒரு மிளகு மதுரைக்குப் போய்விட்டது. அது நல்ல சதையா கெட்ட சதையா என்று முன்பின் தெரியாத யாரோ பார்த்து எழுதப்போகிறார்கள்.

"அக்கா, எடுக்கட்டா?" என்றாள் ஆவுடை. ஆவுடைக்கு இருபத்தாறு வயசு, பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு பாங்கில் வேலை. இன்றோடு பதினோராவது நாள் வகுப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று தோன்றும். "எடும்மா. பின்னால பாத்தியா? இண்டிகேட்டர் போட்டியா? கிளச்ச மெதுவா விடு. மெதுவா. தூங்குத பிள்ளைய கீழ போடுத மாதிரி," என்று வாய் தானாகச் சொன்னது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாய்க்கு ஹெப்சிபா தேவையே இல்லை. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், அவள் பாட்டுக்கு வேறெங்காவது போய்க்கொண்டிருக்கலாம். ஆவுடை பிள்ளையைக் கீழே போடவில்லை, தூக்கி எறிந்தாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. "ஐயோ, அக்கா." "ஒண்ணுமில்ல. திரும்ப ஸ்டார்ட் பண்ணு. ஒண்ணுமில்லம்மா." ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. டாக்டரும் அன்றைக்கு இதே குரலில்தான் சொன்னார், ஒன்றுமில்லை, சும்மா ஒரு சந்தேகத்துக்கு எடுத்துப் பார்ப்போம் என்று. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களின் கால் எங்கே இருக்கும் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியாதா? இவள் ஒன்றுமில்லை என்று சொல்லும்போதெல்லாம் கால் பிரேக்கில்தான் இருக்கும். டாக்டரின் கால் மேஜைக்கு அடியில் எதன் மேல் இருந்ததோ. சந்தேகத்துக்கு என்றால் எந்தச் சந்தேகத்துக்கு? அதைக் கேட்காமல் வந்ததுதான் தப்பு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் இந்த ஒன்பது நாளும் எப்படிப் போயிருக்கும்? கேட்காததும் நல்லதுதான். இல்லை, கேட்டிருக்கவேண்டும்.

வண்டி தெற்கே திரும்பியதும் வெயில் வந்து இடது கன்னத்தில் விழுந்தது. தினமும் விழுகிற வெயில்தான். காலை வகுப்புகள் எல்லாம் தெற்கே, சாயங்கால வகுப்புகள் எல்லாம் வடக்கே, இது ஞானையா சார் வகுத்த சட்டம். தெற்கே போகும்போது காலை வெயில் இடப்பக்கம் விழும், வடக்கே போகும்போது மாலை வெயிலும் இடப்பக்கந்தான் விழும். திரும்பி வருவதற்கு வாய்க்கால் ஓரத்து மருதமர ரோடு, அங்கே முழுக்க நிழல். பழகுகிற பிள்ளைகள் மேல் வெயில் படக்கூடாது. பட்டால் முகம் சுளிப்பார்கள், முகம் சுளித்தால் கவனம் போகும், கவனம் போனால் கியர் பெட்டி போகும். "ஒங்க மேல பட்டா என்னம்மா, நீங்க சும்மாதான இருக்கிய," என்று சேர்ந்த அன்றைக்கு ஞானையா சார் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. அவளும் சும்மாதான் இருந்தாள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம், ஞாயிறு தவிர்த்து எல்லா நாளும், ஒரு பக்கமாக வெயிலில் சும்மா இருந்தாள். அதுவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு, வயலில் நாற்று நடுகிறவர்களையும் ரோட்டில் தார் ஊற்றுகிறவர்களையும் பார்த்து ஐயோ பாவம், இந்த வெயிலில் கருகுகிறார்களே என்று உச்சுக்கொட்டிக்கொண்டு. கண்ணாடி ஏற்றிவிட்டால் வெயில் உள்ளே வராது என்று நினைத்திருந்தாள். வெளிச்சம் வருகிறது, சூடுகூட ஏசியில் அடங்கிவிடுகிறது, பிறகென்ன? பழக வந்த எத்தனை பெண்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள், கண்ணாடிய ஏத்திக்கோம்மா, மூஞ்சி கறுத்துரும் என்று. அத்தனை பேரிடமும் பொய் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணாடி வெயில்ல ஒரு பாதியத்தான் தடுக்கும்," என்றார் டாக்டர் நசீமா. பெருமாள்புரத்தில் இருக்கிற தோல் டாக்டர், ஹெப்சிபாவை விடப் பத்து வயசாவது சின்னவராக இருப்பார், ஆனால் எதையும் அவசரமில்லாமல் சொல்கிற ஆள். "எரியுது, செவக்குதுன்னு நமக்குத் தெரியுதுல்லா, அந்தப் பாதிய. தெரியாத பாதி கண்ணாடிக்குள்ள புகுந்து தோலுக்கு அடியில போயிரும். அங்க போயி ஆக்சிஜனக் கிளப்பி விட்டுரும். நாம மூச்சு விடுத அதே ஆக்சிஜன்தான். அதுல சிலது ஜோடி இல்லாத எலக்ட்ரானோட அலையும். ஜோடி கிடைக்கிறவரைக்கும் பக்கத்துல இருக்கதையெல்லாம் பிடுங்கும். தோல இறுக்கிப் பிடிச்சிருக்கிற நார அறுக்கும், செல்லுக்குள்ளயும் கை வைக்கும். நம்ம ஒடம்பே அதச் சரி பண்ணிக்கிடும், ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்குல்லா. கத்திரிக்காய வெட்டி வெச்சா கறுக்குதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதாம்மா." "கத்திரிக்காயத் தண்ணில போட்ருவோமே டாக்டர்," என்றாள் ஹெப்சிபா. டாக்டர் சிரித்துவிட்டார். "மொகத்த எந்தத் தண்ணில போடுவிய?" என்றார். ஹெப்சிபாவும் சிரித்தாள். பிறகுதான், ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், இதெல்லாம் தனக்கு ஏற்கனவே தெரிந்த விஷயமாயிற்றே என்று ஞாபகம் வந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஆக்சிஜன் ஏற்றம் என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு இட்டு, நாலு பக்கம் எழுதினாள். எண்பத்தொரு மார்க். இரும்பு துருப்பிடிப்பது பற்றி எழுதினாள், வெட்டிய ஆப்பிள் கறுப்பது பற்றி எழுதினாள். முகத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. எழுதிய பரீட்சையே திரும்ப வந்து கன்னத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது யார் கண்டார்கள்? இப்போதுகூட, இந்த நிமிஷம்கூட, ரோட்டில் ஒரு மைல்கல்லைத் தாண்டுகிற நேரத்துக்குள், அந்த ஜோடியில்லாத சனியன்கள் பிளாஸ்திரியைச் சுற்றிப் பிடுங்கிக்கொண்டிருக்கும். சத்தம் கிடையாது, வலி கிடையாது. வலித்திருந்தால் முதல் வருஷமே கையை வைத்து மறைத்திருப்பாளே. கையை எடுத்துக் கன்னத்தை மறைத்தாள். கை வேர்த்திருந்தது. கைக்கு மட்டும் தோல் இல்லையா என்று தோன்ற, கையையும் எடுத்துக்கொண்டாள்.

"மூணாவது கியர் போடட்டாக்கா?" "போடு. ரோட்டப் பாரு, கியரப் பாக்காத." ஆவுடை நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினாள். அவள் கன்னம் நிழலில் இருந்தது, குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. இந்த ஸ்கூலில் படித்துப்போன ஆயிரத்துச் சொச்சம் பெண்களுக்கும் ஹெப்சிபாவின் வலது கன்னந்தான் தெரியும். ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினால் அதைத்தானே பார்க்கமுடியும். வலது கன்னத்துக்கு நாற்பத்தாறு வயசு, சில நாள் நாற்பதுகூடச் சொல்லலாம். இடது கன்னத்துக்கு அறுபது. கண்ணுக்கு ஓரத்திலிருந்து காது வரைக்கும் கோடுகள், கோடுகளுக்குக் குறுக்கே கோடுகள், பழுப்பில் கறுப்பில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள், தாடையோரம் தொளதொள என்று ஒரு தொங்கல். முதலில் இதைக் கண்டுபிடித்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ விற்கிற செல்லக்கனி. "காலையில ஒங்க அக்கா இந்தப் பக்கமாத்தான் கார்ல போனாவ," என்று ஒருநாள் சாயங்காலம் சொன்னாள். ஹெப்சிபாவுக்கு அக்காவே கிடையாது. அன்றைக்கு அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஜெபமணி ஒரு வாரம் அவளை அக்கா அக்கா என்றே கூப்பிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் சுவர் ஓரமாக, இடது கன்னம் சுவருக்கு, வலது கன்னம் சபைக்கு என்று உட்கார ஆரம்பித்தாள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எப்படியாவது சுற்றிவந்து ஒரு பக்கமாக நிற்பாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். அது வெறும் கிழத்தனமாக இருந்தவரைக்கும் அதை அவள் சமாளித்துக்கொண்டாள், சொல்லப்போனால் கொஞ்சம் செல்லம்கூடக் கொடுத்தாள், உழைத்த கன்னம் என்று. மிளகளவு ஒன்று முளைத்து, சொரசொரத்து, துவரம்பருப்பு அளவுக்கு வந்த பிறகுதான் அந்த அக்காவைக் கண்டு பயம் வந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மதுரையில் நர்சிங் படிக்கிற மகளிடம் சொன்னால் அவள் புத்தகத்தில் இருக்கிற அத்தனை கெட்டதையும் போனில் வாசிப்பாள். ஜெபமணியிடம் மரு ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். அரசாங்க பஸ் ஓட்டுகிற மனிதர், விடியுமுன்னே டூட்டிக்குப் போகிறவர், ராத்திரி தூங்கவேண்டாமா? தூங்காமல் ஓட்டினால் அறுபது உசிர் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம் அது இல்லை என்று அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டால் அவர் அந்த இடத்தையே பார்ப்பார். சாப்பிடும்போது பார்ப்பார், பேசும்போது பார்ப்பார், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பார். அதைத் தாங்கமுடியாது. ஆகவே இந்த ஒன்பது நாளும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் ஒருத்தியே பிளாஸ்திரியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். வெளியே ஜெபமணி சவரம் பண்ணக் காத்துக்கொண்டு கதவைத் தட்டினார், "ஏட்டி, இன்னைக்குள்ள வருவியா?" போனில் தேடினாலும் பிரயோஜனமில்லை. வந்த படம் எல்லாம் வெள்ளைக்காரர்களின் மூக்கு. சிவந்த மூக்கில் சிவந்த புண். இவள் மாநிறத்துக்கு அது எப்படி இருக்கும், கறுப்பாக இருக்குமா, கறுப்பில் கறுப்பு எப்படித் தெரியும், ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. கெட்டது என்றால் வெட்டி எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து தோலை எடுத்து ஒட்டுவார்கள் என்று மட்டும் எங்கேயோ படித்தாள். காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். வழுவழு என்று இருந்தது, வெயிலே பார்க்காத தோல். அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் அதற்கு என்ன தெரியும், பாவம். அதுவும் இதே இருக்கையில், இதே பக்கம்.

வெட்டினால் எவ்வளவு வெட்டுவார்கள்? எட்டணா அளவா? கண் இமை இழுத்துக்கொள்ளுமா? இமை மூடாவிட்டால் தூங்குவது எப்படி? ஒரு கண் திறந்திருக்கிற பொம்பிளை பக்கத்தில் உட்கார்ந்து கிளச்சை மெதுவாக விடு என்று சொன்னால் எந்தப் பிள்ளை கிளச்சை விடும்? பயந்து ஓடிப்போகும். ஞானையா சார் நல்ல மனிதர், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார், ஆபீசில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புங்கம்மா என்பார். வேலை போவதைப் பற்றிக் கவலைப்படுகிறேனே, உள்ளே பரவியிருந்தால்? தோலிலிருந்து எங்கே பரவும், கழுத்துக்கா, மூளைக்கா? செத்துப்போனால்? செத்துப்போவது என்ற வார்த்தை வந்தபோது, ஆச்சரியம், அவ்வளவாக நடுக்கவில்லை. பெட்டியில் படுத்திருக்கும்போது எல்லோரும் குனிந்து முகத்தைப் பார்ப்பார்களே என்று நினைத்தபோதுதான் ஈரக்குலை நடுங்கியது. எந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள்? சீ, இது என்ன புத்தி. மகளைப் பற்றி வராத கண்ணீர், புருஷனைப் பற்றி வராத கண்ணீர், ஒரு பக்கத்துக் கன்னத்துக்காக வருகிறது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட கையோடு இன்னொரு நினைப்பும் வந்தது. யூ டர்ன் போடச் சொன்னால் என்ன? இப்படியே திருப்பி வடக்கே போகச் சொன்னால் வெயில் அந்தப் பக்கம் போய்விடும், இந்தக் குட்டியின் வலது கன்னத்தில் விழும். ஒரே ஒரு நாள். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? தனக்கும் முதலில் ஒரே ஒரு அரை மணி நேரந்தானே.

அப்போது ரோட்டில் குறுக்கே கறுப்பாக ஒன்று பாய்ந்தது. ஹெப்சிபாவின் கால் இறங்கிவிட்டது. டயர் கிறீச்சிட, இரண்டு பேரும் முன்னால் போய் பெல்ட்டில் மோதித் திரும்பினார்கள். பின்னால் ஒரு மினி லாரி ஆரனை அமுக்கிக்கொண்டே விலகிப் போனது, அதிலிருந்து ஒருவன் கையை நீட்டித் திட்டினான். கறுப்புப் பாலிதீன் பை ஒன்று காற்றில் உருண்டு ரோட்டைத் தாண்டி முள்ளில் போய் மாட்டிக்கொண்டது. "என்னக்கா? நான் என்ன தப்பு பண்ணுனேன்?" என்றாள் ஆவுடை. "ஒந் தப்பில்லம்மா. நாயின்னு நெனச்சேன்." நாய் என்று நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கால் ஒருநாளும் பொய்க்கு இறங்கியதில்லை. மடியிலிருந்த போன் கீழே விழுந்து இருக்கைக்கு அடியில் போயிருந்தது. குனிந்து துழாவினாள். விழுந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தால்? எடுக்கவில்லை என்று அடுத்த ஆளுக்குப் போயிருந்தால்? கைக்குக் கிடைத்ததும் அது அதிர்ந்தது. கேஸ் சிலிண்டர் இன்று வரும் என்று ஒரு குறுஞ்செய்தி. "எடும்மா, போவலாம். ஒண்ணுமில்ல."

பத்து இருபத்தாறுக்குக் கூப்பிட்டார்கள்.

வண்டியில் போன் எடுக்கக்கூடாது என்று பழகுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள், ஓரமாக நிறுத்து என்றுகூடச் சொல்லாமல் எடுத்துவிட்டாள். "ஹெப்சிபா மேடமா? டாக்டர் பேசுதாவ, லைன்ல இருங்க," என்றது ஒரு பெண் குரல். நர்சே சொல்லலாமே, டாக்டர் எதற்குப் பேசவேண்டும்? நல்லதாக இருந்தால் நர்ஸ் சொல்வாள், கெட்டதாக இருந்தால்தான் டாக்டர் சொல்வார். லைனில் பாட்டு ஓடியது. ஏதோ குழந்தைகள் விளையாட்டுச் சாமான் பாட்டு. ஆவுடை தானாகவே இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, புளியமரத்தடியில் அழகாக நிறுத்தினாள். பதினோரு நாளில் அவள் சரியாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை, ஹெப்சிபா அதைக் கவனிக்கவில்லை. "வணக்கம்மா. ரிப்போர்ட் வந்துட்டு," என்றார் டாக்டர் நசீமா. "பயப்பட ஒண்ணுமில்ல. கெட்ட செல் எதுவும் இல்ல. வெயில்ல முத்துன தோலு, அதுல ஒரு தடிப்பு, அவ்வளவுதான். தையலப் பிரிக்க நாளைக்கு வாங்க, ஒரு களிம்பு எழுதித் தாரேன், தெனமும் தடவுங்க. வண்டில அந்தப் பக்கத்துக்கு ஒரு துணிய கட்டுங்க." "கெட்டதில்லையா டாக்டர்? நல்லாப் பாத்தாவளா?" "நல்லாப் பாத்தாச்சும்மா. ஆனா இனிமே ஒங்க கண்ணுல ஒண்ணு இருக்கட்டும். ஆறாத புண்ணு, காஞ்சு பொருக்குத் தட்டி, விழுந்து, திரும்ப ரத்தம் கசியுதது, சுத்தி ஓரம் மட்டும் கறுப்பா மினுமினுன்னு தடிச்சுருக்கது, அப்படி எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதிய. சரியா?" "சரி டாக்டர். சரி. சரி." போனை வைத்தபிறகும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து நீர் வடிந்தது. "யாருக்கா? வீட்ல ஏதும்..." என்றாள் ஆவுடை. "ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஹெப்சிபா. இத்தனை வருஷமும் சொன்னதில் அதுதான் நிஜமான ஒன்றுமில்லை.

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, வந்த உயிர் சும்மா இருக்காது போலிருக்கிறது, உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் என்று பறக்கிறது. வண்டி நகர்ந்ததும் அவளுக்கு வெயில்கூட அழகாக இருந்தது. முள்ளுக்காடு, செங்கல் சூளை, டீக்கடை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஜெபமணியிடம் சொல்லவேண்டும். கெட்ட சேதியைச் சொல்லாதவள் நல்ல சேதியை மட்டும் எப்படிச் சொல்வது? முதலில் திட்டுவார். திட்டட்டும், ஒரு வாரம் திட்டட்டும். இந்த வாரம் அவருக்கு நாங்குநேரி டிரிப், இந்த ரோடுதான், இந்த நேரந்தான். நினைத்து முடிப்பதற்குள் ரெட்டியார்பட்டி ஸ்டாப் தெரிந்தது, அதில் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. பின்புறத்து நசுங்கலை வைத்தே அவர் பஸ் என்று தெரிந்துவிட்டது. நாலைந்து பெண்கள் கூடைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஆவுடை, இன்னைக்கு ஒனக்கு பஸ்ஸ முந்தச் சொல்லித் தாரேன்." "ஐயோ, வேண்டாம்க்கா. பயமா இருக்கு." "நான் இருக்கம்லா. எதிர்ல யாரும் வரல. வலது இண்டிகேட்டர் போடு. பஸ்ஸ விட்டு ரெண்டு மொழம் தள்ளி, மெதுவா. பஸ்ஸுக்கு முன்ன போயிராத, டிரைவர் சன்னலுக்கு நேரா வரும்போது ஒரு நிமிஷம் நிப்பாட்டு. எங்க வீட்டுக்காரரு." ஆவுடை சிரித்துவிட்டாள். சிரித்ததில் கை இளகி, வண்டி ஒழுங்காக விலகி, பஸ்ஸின் வலப்பக்கமாக ஊர்ந்தது. ஹெப்சிபா கண்ணாடியை இறக்கினாள். பஸ்ஸின் சூடும் டீசலும் முகத்தில் அடித்தன. ஒவ்வொரு ஜன்னலாகப் பின்னால் போயிற்று. கடைசியில் டிரைவர் ஜன்னல், அதில் மடித்து வைத்த முழங்கை, அதற்கு மேலே அவர் முகம். "ஏங்க!" என்று கூவினாள்.

ஜெபமணி உடனே திரும்பவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் ஆள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் வலது கன்னம் முழுவதும், கழுத்து முதல் நெற்றி வரைக்கும், அவளுக்கு ஒரு கை தூரத்தில், தலைக்குச் சற்று மேலே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறாள். கட்டிலில் அவருக்கு இடப்பக்கம், சாப்பாட்டு மேஜையில் இடப்பக்கம், கோயிலுக்கு நடந்து போகும்போது ரோட்டோரமாக இடப்பக்கம். வலப்பக்கத்தையும் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், ஆனால் இப்படி, கீழேயிருந்து, அண்ணாந்து, அதுவும் பத்து நிமிஷத்துக்கு முன்னால் காதில் விழுந்த வார்த்தைகளோடு பார்த்ததில்லை. முப்பது வருஷம் கண்ணாடிகூட இல்லாத ஜன்னலில் இருந்த கன்னம். அவள் இடது கன்னத்தை விடக் கிழடாக, மண்வெட்டியால் கொத்திப் போட்ட மாதிரி இருந்தது. காது மடலுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், ஒரு பட்டாணி அளவுக்குப் பொருக்கு. பொருக்கின் ஓரமாக ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக, தடிப்பாக, வேர்வையில் மினுமினு என்று ஒரு கரை. சவரம் பண்ணும்போது பிளேடு பட்டுவிட்டது என்று பொங்கலுக்கு முன்னால் சொன்னார். பிறகு ஒருநாள் அதே இடத்தில் திரும்பவும் பட்டுவிட்டது என்றார். "நீ பாத்ரூம விட்டு வந்தாத்தான, அவசரத்துல கீறிருது," என்று போன வாரம்கூடச் சொன்னார். அவள்தான் மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தாள். கையில் கொடுத்தாள், வைத்துவிடக்கூட இல்லை. இப்போது மாசி போய், பங்குனியும் பாதி போய்விட்டது.

"என்ன ஏட்டி, நடுரோட்டுல நின்னு கூவுத?" என்றார் ஜெபமணி, திரும்பி, பல்லெல்லாம் தெரிய. திரும்பியதும் அது மறைந்துவிட்டது. நேரே பார்த்தால் தெரிகிற இடத்தில் அது இல்லை. "ஒங்க..." என்றாள் ஹெப்சிபா. "நாளைக்கு லீவு போடுங்க." "எதுக்கு?" "போடுங்கன்னா போடுங்க!" "வீட்ல வந்து பேசுதேன், ஆள் ஏறியாச்சு," என்று சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்ப, ஒவ்வொரு ஜன்னலாக இப்போது முன்னால் போக ஆரம்பித்தது. பின்னால் ஒரு கார் ஆரன் அடித்தது. ஆவுடை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முந்தட்டா? அக்கா, சொல்லுங்கக்கா," என்றாள்.

"முந்தாண்டாம். பின்னாலயே போ."

"எதுவரைக்கும்க்கா?"

"அவிய எறங்குத வரைக்கும்."

வகுப்பு நேரம் முடிய எட்டு நிமிஷந்தான் இருந்தது. ஆவுடை இரண்டாவது கியருக்கு மாற்றிக்கொண்டு, பஸ்ஸின் பின்னால் போனாள்.